ஒரு சாவும் அதன் திருத்தங்களும்

1

1980 செப்டம்பர் என்று தேதியிட்டு வந்த எக்ஸ்-மென் 137ஆம் இதழில் ஜீன் க்ரே என்ற பெண் தன் காதலன் கண்ணெதிரே தன்னை அழித்துக்கொள்கிறாள். 1986 ஜனவரி தேதியிட்ட வேறொரு பத்திரிகையில், அவள் சாகவே இல்லை என்றாகிறது. செத்தது வேறொன்று. அவள் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவுக்கு அடியில் ஒரு கூட்டுக்குள் இத்தனை காலமும் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு இதழ்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவனுக்கு, முடிவே இல்லாத கதை என்ற வடிவத்தின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

நம்மிடையே 'தொடர்கதை' என்பதே ஒரு வசைச்சொல். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் தமிழ் ரஸனைக்குச் செய்திருக்கும் காரியத்தைப் பார்க்கும்போது அந்த வசை நியாயமானதுதான். ஆனால் அந்த வெறுப்பில் ஒரு விஷயம் நம் கவனத்திலிருந்து தப்பிவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை எவ்வளவுதான் இழுபட்டாலும் ஒரு நாள் 'முற்றும்' போட்டு முடியும், பிறகு புஸ்தகமாகும். அமெரிக்க சூபர் ஹீரோ தொடருக்கு 'முற்றும்' கிடையாது. எழுதுகிறவர் போவார், வரைகிறவர் போவார், ஆசிரியர் மாறுவார். பாத்திரங்கள் கம்பெனியின் சொத்து. கம்பெனி இருக்கும்வரை கதை நடக்கும். முடிவின்மை என்பது இங்கே தத்துவ விசாரம் எதுவும் இல்லை. அது வெறும் சொத்துரிமை. இந்தச் சொத்துரிமைக்கு உள்ளிருந்தே ஒரு படைப்பு பிறக்க முடியுமா, பிறந்தால் அது நிலைக்குமா என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2

எக்ஸ்-மென் 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் மார்வெல் நிறுவனத்துக்காகத் தொடங்கியது. பிறவியிலேயே விபரீத சக்திகள் வாய்த்துவிட்ட இளைஞர்கள். அவர்களைக் கண்டு அஞ்சி வெறுக்கும் உலகம். பள்ளிக்கூடம் என்ற போர்வையில் அவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் பேராசிரியர் ஸேவியர். விஷயம் கனமானது, நடத்திய விதம் அப்படி இல்லை. விற்பனை சரிந்து, 1970இலிருந்து ஐந்து வருஷம் பழைய கதைகளையே மறு அச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1975இல் லென் வெயினும் டேவ் காக்ரமும் பல தேசத்தவர் கொண்ட ஒரு புதுக் குழுவை உருவாக்கினார்கள். அதே வருஷம் 94ஆம் இதழிலிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் எழுத வந்தார். 1991 வரை அவரே எழுதினார். ஒரே பத்திரிகையை ஒரே ஆள் பதினாறு வருஷம் எழுதுவது அந்தத் தொழிலில் அபூர்வம். 1977 கடைசியிலிருந்து 1981 தொடக்கம் வரை படம் வரைந்த ஜான் பைர்ன் கதையமைப்பிலும் பங்கு கொண்டவர்.

ஜீன் க்ரே 1963 முதல் இதழிலிருந்தே இருப்பவள். பொருள்களை மனத்தால் நகர்த்தும் சக்தி கொண்டவள் என்பதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல அப்போது அதிகம் இல்லை. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரே பெண்; ஸ்காட் ஸம்மர்ஸின் காதலி. 1976இல் ஒரு விண்வெளி ஓடத்தைக் கதிர்வீச்சின் நடுவே அவள் ஓட்டி வருகிறாள். மற்றவர்கள் பாதுகாப்பான அறைக்குள் இருக்கிறார்கள். ஓடம் ஜமைக்கா விரிகுடாவில் விழுகிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து வருகிறவள் ஃபீனிக்ஸ் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறாள். அளவில்லாத சக்தி. அடுத்த வருஷம் அந்தச் சக்தியைக் கொண்டு பிரபஞ்சத்தையே அழிவிலிருந்து காக்கிறாள்.

இங்கிருந்து 1980 வரை நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு நாவலாசிரியன் இருநூறு பக்கத்தில் செய்வதை இத்தொடர் நாலு வருஷத்தில், இதழுக்கு ஒன்றிரண்டு கட்டங்களாகச் செய்கிறது. அண்டார்க்டிகாவில் நேர்ந்த ஒரு பேரழிவுக்குப் பின் ஜீன் மற்றவர்கள் செத்துவிட்டதாக நம்புகிறாள். அவர்கள் இவள் செத்துவிட்டதாக நம்புகிறார்கள். மாதக் கணக்கில் இந்தத் தவறு நீடிக்கிறது. துக்கத்தோடு தனியே இருக்கும் நாட்களில் ஜேஸன் விங்கார்ட் என்ற ஓர் அழகன் அவளுக்கு அறிமுகமாகிறான். அதன் பிறகு, வேறு யாருடைய சண்டையோ நடந்துகொண்டிருக்கும் இதழின் ஏதோ ஒரு மூலையில், பதினெட்டாம் நூற்றாண்டு உடையில் தான் நிற்பதை ஜீன் ஒரு கணம் பார்க்கிறாள். மறு கணம் எல்லாம் பழையபடி. இன்னொரு இதழில் அது இன்னும் சற்று நீள்கிறது. விங்கார்ட் அதில் அவள் கணவன். முன்னோர் ஞாபகம் ஏதோ தனக்குள் விழிக்கிறது என்று அவள் நினைக்கிறாள். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். விங்கார்ட், தொடரின் பழைய எதிரி மாஸ்டர்மைண்ட் என்பதும், மாயத் தோற்றங்களைக் காட்டி அவளுக்குள் ஆசையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான் என்பதும் வெளியாகும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. அவன் கதவைத் திறந்து விட்டானே தவிர, உள்ளே இருந்தது அவனுடையது இல்லை.

இதைத்தான் தொடர்ச்சியின் பலம் என்கிறேன். மாதாமாதம் வாங்கிப் படித்தவனுக்கு ஜீனின் வீழ்ச்சி ஒரு சம்பவமாக வந்து சேரவில்லை. அவளோடு சேர்ந்து அவனுக்கும் வயது ஏறியிருக்கிறது. கதைக்குள் கழியும் காலமும் வாசகன் வாழ்வில் கழியும் காலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. நாவலில் இது கிடையாது. அந்த மூலைக் கட்டங்களை அவன் மறந்தும் போயிருப்பான். பிறகு அவை திரும்பி வரும்போது அவனுடைய சொந்த ஞாபகமாகவே வருகின்றன. இத்தகைய தொடருக்கு ஞாபகம்தான் உயிர். படங்களையும் வசனங்களையும் விடப் பெரிய பாத்திரம் அதுவே.

3

135ஆம் இதழில் ஜீன், இப்போது கரிய ஃபீனிக்ஸ், பசியாற ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிவரும் கிரகத்தில் ஐந்நூறு கோடி ஜீவன்கள் சாகின்றன. கிளேர்மான்டும் பைர்னும் முதலில் எழுதி வரைந்த முடிவில் ஜீன் சாகவில்லை. வேற்று நட்சத்திர சாம்ராஜ்யமான ஷியார், அவளுடைய சக்தியை அவளிடமிருந்து அறுத்து எடுத்துவிடுகிறது. அவள் சாதாரணப் பெண்ணாக ஸ்காட்டோடு வீடு திரும்புகிறாள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை உயிர்களைக் கொன்றவளுக்கு வீடு திரும்புதல் எப்படித் தீர்ப்பாகும் என்பது அவர் ஆட்சேபம். முடிவு மாற்றப்பட்டது. நிராகரிக்கப்பட்ட அந்த முதல் முடிவை 1984இல் தனிப் பிரசுரமாகவே வெளியிட்டார்கள்; இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வாய்ப்பிருக்கிறது.

ஒப்பிட்டால் ஷூட்டர் சொன்னதே சரி. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. படைப்பாளியின் சுதந்திரத்தில் கை வைக்கும் ஆசிரியன், முதலாளியின் ஏவலாள் என்பது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம் மூலமந்திரங்களில் ஒன்று. அநேகமாக அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் இங்கே, ஆசிரியரின் நிர்ப்பந்தம் படைப்பாளிகள் தாங்களே விதைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட ஒன்றை எதிர்கொள்ளும்படி செய்தது. முதல் முடிவில் ஜீன் நோயாளி, அறுவைச் சிகிச்சை நடக்கிறது, குணமாகிறாள். நாலு வருஷமாக வளர்ந்து வந்த ஆசையும் பசியும் ஒரு கட்டியைப்போல வெட்டி எறியப்படுகின்றன. அச்சான முடிவில் அவள் மனுஷி.

137ஆம் இதழின் கடைசிச் சண்டைக்கு முந்தின இரவில் குழுவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து யோசிக்கிறார்கள். ஜீனுக்காகத் தாங்கள் உயிரைக் கொடுத்துச் சண்டையிடுவது சரிதானா? அவள் குற்றவாளி இல்லையா? ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில், எவருக்கும் முழு நிச்சயம் இல்லை. மறுநாள் சந்திரனில் சண்டை நடக்கிறது. அதன் உச்சத்தில் அவளுக்குள் ஃபீனிக்ஸ் திரும்பவும் எழுகிறது. தன் பிரக்ஞை தன் வசம் இருக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்குள் அவள் ஒரு பழைய ஆயுதத்தின் முன் போய் நின்றுகொள்கிறாள். தெய்வமாக வாழ்ந்திருக்கக்கூடியவள் மனுஷியாகச் சாவதைத் தேர்ந்தாள் என்று, எல்லாவற்றையும் பார்த்து நிற்கும் ஒரு சாட்சியின் வாயால் இதழ் முடிகிறது.

இச்சாவை வீரமரணம் என்று கொண்டாடுவது தவறாகும். அது ஒரு தீர்ப்பு. குற்றம் செய்தவளே தன்மேல் வழங்கிக்கொண்ட தீர்ப்பு. செய்தது நான்தான் என்று ஏற்றுக்கொள்வது அதில் அடங்கியிருக்கிறது. முஷ்டி யுத்தங்களுக்கென்றே ஏற்பட்ட ஒரு வடிவம், செயலுக்கும் பொறுப்புக்கும் உள்ள சம்பந்தத்தை இவ்வளவு நேராகப் பார்த்த இடம் அதிகம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கிளேர்மான்டுக்கு வார்த்தைகள் மேல் கட்டுப்பாடு இல்லை. பைர்ன் ஒரு முகத்தில் வரைந்து முடித்துவிட்ட பயத்தை, பயப்படுகிறாள் என்று மேலே ஒரு வாசகம் சொல்லும். பயமாக இருக்கிறதே என்று அவளும் நினைத்துக்கொள்வாள். ஒவ்வோர் இதழும் யாரோ ஒரு புது வாசகனுக்கு முதல் இதழ் என்ற வியாபார விதியின்படி, வுல்வரினின் நகங்கள் எந்த உலோகத்தாலானவை என்பது மாதம் தவறாமல் விளக்கப்படும். ஞாபகத்தை நம்பி எழுதப்படும் கதை, ஞாபகமே இல்லாதவனுக்காகவும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாடு வசனத்தில் தழும்பாக நிற்கிறது. தவிர, கிளேர்மான்ட் இழைகளைத் தொடங்குவதில் காட்டிய உற்சாகத்தை முடிப்பதில் காட்டியவரில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் பாதி இழைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் இவையெல்லாம் ஓர் எழுத்தாளனின் குறைகள். வடிவத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது.

4

ஸ்காட் துக்கம் காத்தான். 1983இல் மாடலின் ப்ரையர் என்ற விமானியை அலாஸ்காவில் சந்தித்தான். ஜீனை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருந்தாள். ஜீன் செத்த அதே நாளில் நடந்த ஒரு விமான விபத்தில் அவள் ஒருத்தி மட்டும் பிழைத்தவள். இவள் ஜீன்தானோ என்ற சந்தேகத்தில் ஸ்காட் தவிக்கிறான். இந்தச் சந்தேகத்தையும் மாஸ்டர்மைண்ட் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறான். 175ஆம் இதழில் எல்லாம் தெளிந்து, இவள் இவளேதான், வேறு யாருமில்லை என்று அறிந்து ஸ்காட் அவளை மணக்கிறான். இறந்தவளை இறந்தவளாக விட்டுவிட்டு உயிரோடிருப்பவளை அவளுக்காகவே ஏற்கும் இடம் அது. இத்தொடரில் முதிர்ச்சி என்று சொல்லத்தக்க கட்டம். ஒரு பிள்ளையும் பிறந்தது. ஸ்காட்டின் கதை அங்கே முடிந்திருக்கலாம்.

முடியக்கூடாது. ஏனென்றால் முடிந்துபோகிற பாத்திரத்தால் கம்பெனிக்கு லாபமில்லை. 1963இன் பழைய ஐவரையும் சேர்த்து எக்ஸ்-ஃபாக்டர் என்று புதுப் பத்திரிகை தொடங்க மார்வெல் முடிவு செய்தது. ஐவரில் ஒருத்தி செத்திருந்தாள். அவளை எழுப்பும் உபாயம், கர்ட் ப்யூஸிக் தான் வெறும் ரசிகனாக இருந்த நாளில் யோசித்து வைத்திருந்தது. ரோஜர் ஸ்டெர்ன் வழியாக அது பைர்னுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜீனைக் கொன்ற கதையில் பாதிப் பங்கு கொண்ட பைர்னே அவளைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்தார். உபாயம் இது: 1976இல் தண்ணீரிலிருந்து எழுந்தது ஜீன் இல்லை. ஃபீனிக்ஸ் என்ற அண்ட சக்தி அவள் உருவத்தையும் நினைவுகளையும் நகலெடுத்துக்கொண்டு எழுந்தது. நிஜமான ஜீன் தண்ணீருக்கடியில், ஒரு பாவமும் அறியாமல்.

நமக்கு இது புதிதில்லை. இராவணன் கை பட்ட சீதையை ராமன் எப்படித் திரும்ப ஏற்பது என்ற சங்கடம் நம் மரபை நெடுநாள் உறுத்தியிருக்கிறது. கம்பன், சீதையைத் தொடாமல் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகும்படி இராவணனைச் செய்தான். அத்யாத்ம ராமாயணம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நிஜ சீதை அக்கினிக்குள் ஒளிந்துகொள்கிறாள். தூக்கிப் போகப்படுவது மாயா சீதை. களங்கம் நகலுக்கு, தூய்மை அசலுக்கு. இதைச் செய்தது பக்தி. நியூயார்க்கில் அதே வேலையைச் செய்தது பத்திரிகை விற்பனை.

ஆனால் விளைவில் வித்தியாசம் இருக்கிறது. சீதை குற்றமேதும் செய்யாதவள். நகல் இல்லாவிட்டாலும் அவள் தூய்மைக்குக் குறைவில்லை, நகல் உபரிதான். ஜீன் விஷயம் அப்படியில்லை. அவள் குற்றம் செய்தாள் என்பதில்தான் அந்தக் கதையின் சாரமே இருந்தது. குற்றத்தை நகலுக்கு மாற்றிய மாத்திரத்தில், முந்தின இரவு தூங்காமல் யோசித்த அத்தனை பேரின் யோசனையும், ஆயுதத்தின் முன் போய் நின்ற அந்தத் தேர்வும் அர்த்தமிழந்து போகின்றன. தீர்ப்பு ஆள்மாறாட்டமாகிவிட்டது. 1986இல் வந்த கதை 1986ஐ மட்டும் கெடுப்பதோடு நிற்கவில்லை. பின்னோக்கிப் போய் 1980ஐக் கெடுக்கிறது. வாசகனிடம் இருந்த ஞாபகத்தைப் பார்த்து, நீ பார்த்தது நடக்கவில்லை என்று சொல்கிறது.

அவள் திரும்பி வருவது கூடாது என்பதில்லை. செத்தவர்கள் திரும்பும் கதைகள் உலகெங்கும் உண்டு. செய்ததைச் சுமந்துகொண்டு அவள் திரும்பியிருக்கலாம். சுமையை இறக்கிவைத்த பிறகே திரும்ப அனுமதித்தார்கள் என்பதுதான் விஷயம். குற்றமில்லாதவளே பத்திரிகையின் அட்டையில் கதாநாயகியாக நிற்கலாம் என்ற கணக்கு. ஷூட்டர் 1980இல் கேட்ட கேள்வி 1986இல் சாமர்த்தியமாகத் தவிர்க்கப்பட்டது. அப்போதும் அவரே தலைமை ஆசிரியர்.

5

சுமை இறங்கினால் அது எங்கேயாவது போய் விழ வேண்டும். மாடலின் மேல் விழுந்தது.

எக்ஸ்-ஃபாக்டர் முதல் இதழில் ஒரு டெலிஃபோன் வருகிறது. ஜீன் உயிரோடிருக்கிறாள். ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு நியூயார்க் போகிறான். தனக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதைக்கூட ஜீனிடம் சொல்லாமல் இருக்கிறான். கிளேர்மான்ட் இதை விரும்பவில்லை. ஆனால் பாத்திரம் அவருடையதில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணியத்துக்குப் பெயர்போன ஒருவன், ஒரு புதுப் பத்திரிகையின் சௌகரியத்துக்காக இப்படியானான். இதையும் ஒரு படைப்பாளி நிஜமாகவே எழுதியிருக்க முடியும். ஒரு மனிதன், பழைய காதல் திரும்பி வந்ததும் தான் கட்டிய வீட்டை இடிக்கிறான். நடக்காததா? அதைப் பொறுப்போடு தொடர்ந்திருந்தால் இன்னொரு 1980 ஆகியிருக்கும்.

நடந்தது வேறு. ஸ்காட்டைக் கறையோடு வைத்திருக்க முடியாது. ஆகவே மாடலின் மாற்றப்பட்டாள். 1988-89இல் வந்த 'இன்ஃபெர்னோ' கதையில், அவள் ஸினிஸ்டர் என்ற விஞ்ஞானி ஜீனின் உயிரணுவிலிருந்து வளர்த்த பிரதி என்று தெரிவிக்கப்படுகிறது. விமான விபத்து இல்லை, அலாஸ்காவுக்கு முந்தைய வாழ்வு இல்லை, எல்லாம் ஏற்றி வைத்த நினைவுகள். அவள் பேய்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தன் குழந்தையையே பலி கொடுக்க முனைகிறாள். பிறகு சாகிறாள். அவளுடைய நினைவுகள் ஜீனுக்குள் போய்ச் சேர்கின்றன. குழந்தை ஸ்காட்டிடமும் ஜீனிடமும் போய்ச் சேர்கிறது.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட மனைவி ஒரு நியாயமான புகார்க்காரி. புகாரைத் தீர்க்க இரண்டு வழிதான். ஒன்று, புகாருக்குப் பதில் சொல்வது. இரண்டு, புகார்க்காரி உண்மையில் ஓர் ஆளே இல்லை என்று நிரூபித்துவிடுவது. தொடர் இரண்டாவது வழியில் போயிற்று. 1983இல் 'இவள் இவளேதான்' என்று சிரமப்பட்டு நிலைநாட்டிய அதே கதை, ஐந்து வருஷம் கழித்து 'இவள் இவளில்லை' என்றது. அவளிடமிருந்து முதலில் கணவனை எடுத்தார்கள், பிறகு பிறப்பை, பிறகு பிள்ளையை, கடைசியில் ஞாபகத்தையும். 'இன்ஃபெர்னோ'வில் மாடலின் வெறிகொண்டு கத்தும்போது அவளை அரக்கியாக வரைந்திருக்கிறார்கள். அவள் சொல்வதில் பாதிக்குமேல் உண்மை என்பதை மறைக்க அந்தக் கோரம் போதவில்லை. கதையின் மனசாட்சி தெரியாத்தனமாக வில்லியின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

மாயா சீதையின் கதைக்கு நம் புராணங்களில் ஒரு தொடர்ச்சி உண்டு. அக்கினியிலிருந்து அசல் சீதை வெளிவந்த பின், அந்த நிழல் என்ன ஆனாள்? பிரம்ம வைவர்த்த புராணம் கேட்கிறது. அவள் தவம் செய்கிறாள், திரௌபதியாகப் பிறக்கிறாள். களங்கத்தைத் தாங்கச் செய்யப்பட்டவளுக்கும் ஒரு ஜன்மம் பாக்கி இருக்கிறது என்று யாரோ ஒரு பௌராணிகனுக்குத் தோன்றியிருக்கிறது. அது கதை சொல்கிறவனின் தர்மம். ஸ்காட்டின் கதையைச் சொல்லியவர்களுக்கு அப்போது அது தோன்றவில்லை.

6

அப்படியானால் பின்னோக்கிப் போய் முன்கதையை மாற்றுவதே தவறா? அப்படிச் சொல்ல இத்தொடரே விடாது. மாக்னீட்டோ 1963இல் வெறும் வில்லன். உலகை ஆள வேண்டும் என்பான். ஏன் என்று கேட்க நேரமிருக்காது. 1981இல் வந்த 150ஆம் இதழில், சண்டைக்கு நடுவே கிட்டி ப்ரைட் என்ற சிறுமியை அவன் அடித்து வீழ்த்துகிறான். கிட்டி யூதப் பெண். பதின்மூன்று பதினான்கு வயது. விழுந்து கிடப்பது குழந்தை என்று கண்டதும் உடைந்துபோகிறான். தான் ஆஷ்விட்ஸில் வளர்ந்தவன் என்று சொல்கிறான். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒட்டவைத்த முன்கதைதான் இதுவும். ஆனால் இதன் பலன் நேர்மாறானது. அவன் செய்த எதையும் இது துடைக்கவில்லை. பழைய இதழ்களின் அசட்டு வில்லத்தனம் எல்லாம் இப்போது கூடுதல் பாரத்தோடு அவன் தலையில் ஏறுகிறது. கொன்றவர்களிடமிருந்து தப்பியவன், தானே கொல்கிறவனாக ஆகிவிட்டதைப் பார்க்கிறான். 1985இல் 200ஆம் இதழில் அவன் விசாரணைக் கூண்டில் நிற்கிறான். பிறகு ஸேவியரின் பள்ளியையே ஏற்று நடத்துகிறான். நாலு வருஷத்துக்கு மேல் மெதுவாக நடந்த மாற்றம். தொடர்கதையால் மட்டுமே சாத்தியமான மாற்றம்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. முன்கதையைத் திருத்தும்போது பாத்திரத்தின் சுமை கூடினால் அது படைப்பு. சுமை குறைந்தால் அது நிர்வாகம். மாக்னீட்டோவுக்குக் கொடுத்தது ஒரு கடந்த காலம். ஜீனிடமிருந்து பறித்ததும் ஒரு கடந்த காலம். கருவி ஒன்றே.

நிர்வாகம் மாக்னீட்டோவையும் விட்டு வைக்கவில்லை. 1991இல் எக்ஸ்-மென் என்ற பெயரிலேயே இரண்டாவது பத்திரிகை தொடங்கியபோது மாக்னீட்டோ பழையபடி எதிரியாக வந்து நின்றான். ஜிம் லீ படம் வரைந்த அதன் முதல் இதழ் பல அட்டைகளில் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டது. அமெரிக்க காமிக்ஸில் அதற்கு முன்னும் பின்னும் எந்த ஓர் இதழும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. மூன்றாவது இதழோடு கிளேர்மான்ட் வெளியேறினார். பதினாறு வருஷ ஞாபகம் வெளியே போன நேரமும் கல்லாப்பெட்டி நிறைந்த நேரமும் ஒன்று.

7

ஜீன் 2004இல் மறுபடி செத்தாள், 2018இல் மறுபடி வந்தாள். யாரும் அழவில்லை. ஒரு சாவைப் பொய்யாக்கியதற்குத் தண்டனையாக அதன் பிறகு வந்த எல்லாச் சாவுகளும் பொய்யாகிவிட்டன. 1988லேயே குழு முழுவதும் டல்லஸில் செத்து அதே இதழில் உயிர்த்தெழுந்தது. சாவு ஒரு விளம்பர உத்தியாகிவிட்டது.

2019இல் ஜானதன் ஹிக்மன் இந்த வியாதியையே கதையாக்கினார். க்ரகோவா என்ற உயிருள்ள தீவில் எக்ஸ்-மென் தங்களுக்கென்று தேசம் அமைக்கிறார்கள். ஐந்து பேரின் சக்தி சேர்ந்து செத்தவர்களுக்குப் புது உடலை உண்டாக்குகிறது. ஸேவியர் சேமித்து வைத்திருக்கும் நினைவுகள் அதில் ஏற்றப்படுகின்றன. அறுபது வருஷமாக ஆசிரியர்கள் திரைக்குப் பின்னால் செய்துவந்ததை இப்போது பாத்திரங்களே திரைக்கு முன்னால் ஒரு சர்க்கார் இலாகாபோல நடத்துகிறார்கள். எழுகிறவன் செத்தவன்தானா, அவன் நினைவுகளைப் போட்டுக்கொண்ட பிரதியா? 1986இல் கேட்காமல் விட்ட கேள்வி தேசத்தின் அஸ்திவாரமாகவே வந்து நின்றது. பலவீனத்தை மறைக்காமல் பொருளாக எடுத்துக்கொண்டதில் ஒரு நேர்மை இருந்தது.

இந்தக் கட்டத்தில்தான், 2020இல், 'ஹெலியன்ஸ்' என்ற கிளைத் தொடரில் ஸெப் வெல்ஸ் ஒரு காரியம் செய்தார். மாடலின் திரும்பவும் சாகிறாள். தீவில் யார் வேண்டுமானாலும் உயிர்த்தெழலாம். கொலைகாரர்களுக்கும் மன்னிப்பு உண்டு. தீவை ஆளும் சபை கூடி மாடலினுக்கு மட்டும் மறுக்கிறது. காரணம், அவள் பிரதி. அந்த ஒரு மறுப்பில் முப்பத்து நாலு வருஷக் கணக்கு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. மார்வெல் அலுவலகத்தில் எப்போதோ எடுத்த முடிவைக் கதைக்குள் இருக்கும் மேன்மக்கள் தங்கள் வாயால் சொல்கிறார்கள். தூய்மையின் பேரில் ஒருத்தியை ஆளில்லை என்று அறிவிக்கிறார்கள். படிக்கிறவனுக்குக் கோபம் வருகிறது. வர வேண்டிய கோபம்தான். மிகவும் தாமதமாக வந்தது.

மறு வருஷம் அவளை எழுப்பினார்கள். 2022-23இல் வந்த இன்னொரு கதையில், குழந்தையை வளர்த்த நாட்களின் நினைவுகளை ஜீன் அவளோடு பகிர்ந்துகொள்கிறாள். சண்டைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட கதை அது. பெரிய கலைச் சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு செய்கை எதைத் திருப்பிக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மாடலினிடமிருந்து கடைசியாகப் பறித்தது ஞாபகம். முதலில் திரும்பி வருவதும் ஞாபகமே. நிழல் சீதைக்குப் பௌராணிகன் கொடுத்த இன்னொரு ஜன்மம் இங்கே யாரோ சம்பளத்துக்கு எழுதும் ஒருவர் கையால் கிடைக்கிறது.

க்ரகோவா 2024இல் முடிந்தது. அதாவது, முடித்து வைக்கப்பட்டது. தொடர் வேறு ஆட்கள் கையில் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வடிவத்திடம் முடிவை எதிர்பார்ப்பது வீண். ஆனால் முடிவில்லாமலே பொறுப்பு சாத்தியம் என்று 1976க்கும் 1980க்கும் இடையே அது காட்டியிருக்கிறது. நடந்தது நடந்தது என்று ஒப்புக்கொண்டால் போதும். மேலே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொண்டு போகலாம். 137ஆம் இதழ் என் மேஜை மேல் இருக்கிறது. அதில் ஜீன் க்ரே செத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அச்சானது எதுவும் அந்தப் பக்கத்தை மாற்றிவிட முடியாது என்பதில்தான் வாசகனின் உரிமை இருக்கிறது. சொத்து அவர்களுடையது. ஞாபகம் நம்முடையது.